கட்டணமில்லா இலக்கமும் இணையப் பெயரும்: எதை முதலில் எடுப்பது?

சில வருடங்களுக்கு முன்னர் எமது கடையின் பொதி ஒட்டும் இயந்திரம் பழுதாகிப்போனது. அது அமெரிக்கத் தயாரிப்பு. உதிரிப்பாகம் கேட்கலாம் என்று கையேட்டைப் புரட்டிப் பார்த்தால் அதில் இருந்தது ஒரேயொரு தொலைபேசி இலக்கம்தான். 1-800 என்று தொடங்கும் கட்டணமில்லா இலக்கம். எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அழைத்தேன். இந்த இலக்கத்தை உங்கள் நாட்டிலிருந்து அழைக்க முடியாது என்று ஒரு பதிவுக் குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. இரண்டு கிழமை அலைந்து, கடைசியில் வேறொரு நாட்டின் இயந்திரத்தையே புதிதாக வாங்கினோம். ஒரு வாடிக்கையாளரை இழந்த செய்தி அந்த உற்பத்தியாளருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

இதை இப்போது நினைவுபடுத்தக் காரணம் உண்டு. பல்லேபொல, மாத்தளைப் பக்கத்தில் மிளகு, கறுவா, கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கும் நம்மவர்களில் சிலர் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "வெளிநாட்டுக்கு நேரடியாக விற்க வேண்டும். ஒரு 800 இலக்கமும் ஒரு வெப்சைட்டும் எடுத்தால் போதும்தானே?" இரண்டும் பயனுள்ளவைதான். ஆனால் இரண்டும் ஒரே வகையான பொருள் அல்ல. ஒன்று வாடகை வாகனம் போன்றது, மற்றது காணி உறுதி போன்றது. எது எது என்று தெரியாமல் பணம் கட்டுபவர்கள்தான் பின்னர் கை பிசைகிறார்கள்.

முதலில் எமது நிலைமையைப் பார்ப்போம். பல்லேபொலயில் ஒருவர் தோட்டம் தோட்டமாகச் சென்று மிளகு வாங்குகிறார். காயவைத்து, தூற்றி, சாக்கில் கட்டி மாத்தளைக்கோ கொழும்பு புறக்கோட்டைக்கோ அனுப்புகிறார். அங்கிருந்து அது ஏற்றுமதியாளர் கைக்குப் போகிறது. இலங்கை மிளகின் காரமும் எண்ணெய்ச் சத்தும் உலகச் சந்தையில் பெயர் பெற்றவை. ஆனால் அந்த மிளகைச் சுத்தமாகக் காயவைத்தவரின் பெயர் சாக்கில் இல்லை. அடுத்த வருடம் அதே தரத்தைத் தேடி ஒரு வெளிநாட்டுக் கடைக்காரர் வந்தாலும், அவர் யாரைத் தேடுவார்? தேடக்கூடிய பெயரும் இல்லை, அழைக்கக்கூடிய இலக்கமும் இல்லை. தொலைபேசி இலக்கமும் இணையப் பெயரும் இந்த இடத்தில்தான் வியாபார விடயமாகின்றன.

அழைப்புக்குக் காசு கொடுப்பவர் யார்?

கட்டணமில்லா இலக்கம் என்றால் அழைப்பு இலவசம் என்று பொருளல்ல. அழைப்பவருக்குப் பதிலாக அழைக்கப்படுபவர் காசு கொடுக்கிறார், அவ்வளவுதான். அமெரிக்காவில் ஏடீ அண்ட் டீ நிறுவனம் 1967 இல் 800 சேவையை ஆரம்பித்தது. அதற்கு முன்னர் கட்டணத்தை மறுமுனையில் அறவிட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் தொலைபேசி இயக்குநர் குறுக்கிட்டு, "இந்த அழைப்புக்கு நீங்கள் காசு கொடுப்பீர்களா?" என்று கேட்க வேண்டியிருந்தது. 800 இலக்கம் அந்தக் கேள்வியை இல்லாமலாக்கியது. பிரித்தானியாவில் 0800 சேவை 1985 இல் வந்தது. 1990களில் அமெரிக்காவில் 800 இலக்கங்கள் போதாமற்போய் 1996 இல் 888, 1998 இல் 877, 2000 இல் 866 என்று புதிய தொடர்களைத் திறந்தார்கள். கடை என்று ஒன்று இருந்தால் இலவச இலக்கமும் இருக்க வேண்டும் என்ற அளவுக்கு மக்கள் அதற்குப் பழகியிருந்தனர்.

இதில் மிகவும் கெட்டிக்காரத்தனமாக நடந்துகொண்டவர் ஒரு பூ வியாபாரி. ஜிம் மக்கேன் என்பவர் 1976 இல் நியூயோர்க்கில் ஒரு பூக்கடை வாங்கினார். பத்து வருடங்கள் கழித்து 1-800-ஃபிளவர்ஸ் என்ற இலக்கத்தைத் தன் கைக்கு எடுத்தார். தொலைபேசிப் பொத்தான்களில் ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றன அல்லவா? பூக்கள் என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுத்தெழுத்தாக அழுத்தினால் 3569377 வரும். அந்த இலக்கத்தை யாரும் எழுதிவைக்கத் தேவையில்லை, சொல்லே இலக்கமாகிவிட்டது. 1990களின் நடுப்பகுதியில் இணையம் வந்தபோது அதே சொல்லை இணையப் பெயராகவும் ஆக்கிக்கொண்டார். இன்று கொம்பனியின் பெயரே 1-800-ஃபிளவர்ஸ் டொட் கொம்தான். இலக்கம், இணைய முகவரி, கொம்பனி மூன்றுக்கும் ஒரே பெயர்.

இந்தக் கதையைக் கேட்டதும் நாமும் ஒன்றை எடுப்போம் என்று கிளம்ப வேண்டாம். அந்தப் பூக்கடையின் வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே நாட்டுக்குள் இருந்தார்கள். எமது வாடிக்கையாளர்கள் அப்படியல்ல. ஒருவர் டொரொண்டோவில், ஒருவர் மெல்பேர்னில், ஒருவர் துபாயில். அமெரிக்க 1-800 இலக்கம் கனடாவிலும் இயங்கக்கூடும், அதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். மெல்பேர்ன்காரருக்கு அது பயன்படாது, அவருடைய நாட்டு இலவச இலக்கங்கள் 1800 என்று தொடங்குபவை. கடல் தாண்டினால் பதிவுக் குரல்தான் பதில் சொல்லும்.

இதற்கு மாற்றாக ஓர் உலகப் பொது இலக்கமும் உண்டு. ஜெனீவாவில் உள்ள சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1990களின் பிற்பகுதியில் அதை அறிமுகப்படுத்தியது. இலங்கைக்கு 94, இந்தியாவுக்கு 91 என்று நாட்டு இலக்கம் இருப்பதுபோல, 800 என்பதையே ஒரு நாட்டு இலக்கமாக ஒதுக்கினார்கள். அதன் பின்னால் எட்டு இலக்கங்கள் வரும். பங்குபற்றும் நாடுகள் எல்லாவற்றிலும் ஒரே இலக்கம், அழைப்பவருக்குக் கட்டணமில்லை. கேட்கும்போது மிக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு நாட்டிலும் ஒரு தொலைபேசி நிறுவனத்துடன் தனித்தனியாக ஏற்பாடு செய்து, தனித்தனியாகக் காசு கட்ட வேண்டும். நிலையான தொலைபேசியில் வேலை செய்யும் இலக்கம் கையடக்கத் தொலைபேசியிலிருந்து போகாமலும் இருக்கலாம். விமான நிறுவனங்கள், வங்கிகள், பெரும் ஹோட்டல்கள் வைத்துக்கொள்ளும் பொருள் இது. கறுவாக் கடைக்கு இது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

நடைமுறையில் சிறு வியாபாரிக்குச் சாத்தியமானது, வாங்குபவர் அதிகமாக உள்ள ஒரே ஒரு நாட்டில் ஓர் இலக்கத்தை வாடகைக்கு எடுத்து, அதற்கு வரும் அழைப்பை இங்கே எமது தொலைபேசிக்குத் திருப்புவதுதான். இதை அனுமதிப்பத்திரம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றின் ஊடாகவே செய்துகொள்ளுங்கள். வெளிநாட்டு அழைப்புகளைக் குறுக்கு வழியில் நாட்டுக்குள் கொண்டுவருவது சட்டவிரோதம். மலிவாகத் தருகிறேன் என்று வரும் ஆட்களிடம் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். உதாரணத்துக்கு நிமிடத்துக்கு 10 அமெரிக்க சதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத்துக்கு 20 பேர் அழைத்து, ஆளுக்கு 6 நிமிடம் பேசினால் 120 நிமிடம், 12 டொலர். மாத வாடகை இதற்குப் புறம்பானது. அந்த 20 பேரில் ஒருவர் மட்டும் ஒரு சிறு பைக்கற் கறுவாத்தூள் வாங்கினால் உங்கள் இலாபம் தொலைபேசிக் கம்பியிலேயே போய்விடும். அதே ஒருவர் மளிகைக் கடைக்காரராக இருந்து 50 கிலோ மிளகு கேட்டால் அந்த 12 டொலர் ஒரு செலவே அல்ல. ஆகவே பைக்கற் விற்பவருக்கு இலவச இலக்கம் நட்டம், கடைகளுக்கு மொத்தமாகக் கொடுப்பவருக்கு அது பிரயோசனமாகலாம். இன்னொரு தலையிடியையும் விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். உங்களுக்குக் கிடைக்கும் இலக்கம் முன்னர் வேறு யாரோ வைத்திருந்ததாக இருக்கலாம். அவருடைய பழைய வாடிக்கையாளர்கள் அழைப்பார்கள், விளம்பர இயந்திரங்களும் அழைக்கும். எல்லாவற்றுக்கும் காசு கொடுப்பவர் நீங்கள்தான்.

இருந்தாலும் இலவச இலக்கத்தின் உண்மையான பெறுமதி விற்பனையில் இல்லை என்றே நான் கருதுகிறேன். பொருளில் குறை இருந்தால் என் செலவில் என்னைத் திட்டலாம் என்று விற்பவர் சொல்வதாகவே வாங்குபவர் அதை எடுத்துக்கொள்கிறார். கண்ணால் காணாத நாட்டிலிருந்து சாப்பாட்டுப் பொருள் வாங்குபவருக்கு அந்தத் தைரியம் தேவை. முறைப்பாட்டைக் கேட்க ஆள் இல்லாதவர் அந்த இலக்கத்தை எடுப்பதில் அர்த்தமில்லை.

066 என்றால் மெல்பேர்னில் யாருக்குத் தெரியும்?

இலவச இலக்கத்துக்கு முன்னர் சரிசெய்ய வேண்டிய சிறிய விடயம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஒரு சதமும் செலவில்லை. எமது பக்கத்துக் கடைகளின் விசிட்டிங் கார்டுகளிலும் பைக்கற்களிலும் 066 என்று தொடங்கும் இலக்கம்தான் அச்சிடப்பட்டிருக்கும். அது உள்நாட்டவருக்கு. வெளிநாட்டிலிருந்து அழைப்பவர் அந்தப் பூச்சியத்தை விட்டுவிட்டு, சக அடையாளம், 94, 66 என்று ஆரம்பிக்க வேண்டும். கையடக்கத் தொலைபேசியில் சக அடையாளம் போட்டால் எந்த நாட்டிலிருந்தும் போகும். நிலையான தொலைபேசியிலோ அமெரிக்கா, கனடாவில் 011, பிரித்தானியாவில் 00, அவுஸ்திரேலியாவில் 0011 என்று வெவ்வேறாக அழுத்த வேண்டும். பைக்கற்றில் முழு இலக்கத்தையும் சக அடையாளத்துடன் அச்சிட்டிருந்தால் வாங்குபவர் யோசிக்க வேண்டியதில்லை.

வட்ஸ்அப் வந்த பிறகு இதெல்லாம் எதற்கு என்று இளைஞர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இலங்கையில் வெளிநாட்டு அழைப்புத் துறையில் ஒரே நிறுவனத்தின் தனியுரிமை 2002 இல் முடிவடைந்து, 2003 இல் மற்றவர்களுக்கும் அனுமதிப்பத்திரம் வழங்கப்பட்டது முதல் கட்டணங்கள் இறங்கின. பின்னர் இணைய அழைப்பு வந்து மிச்சத்தையும் முடித்துவைத்தது. அழைப்புச் செலவு என்ற பழைய தடை பெரும்பாலும் போய்விட்டது. ஆனாலும் வளைகுடாவுக்கு விற்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தில் வட்ஸ்அப் குரல் அழைப்புகள் நீண்ட காலமாகக் கட்டுப்படுத்தப்பட்டே வந்துள்ளன. எழுத்துச் செய்தி போகும், பேச்சு போகாது என்ற நிலை. அங்குள்ள கடைக்காரருக்கு அழைக்கக்கூடிய ஒரு சாதாரண இலக்கமும் கொடுத்து வையுங்கள்.

எந்த இலக்கமானாலும் அது ஒலிக்கும் நேரத்தில் எடுக்க ஆள் வேண்டும். லண்டனில் காலை 9 மணி என்றால் எமக்குக் கோடையில் பகல் 1.30, குளிர்காலத்தில் 2.30. நியூயோர்க்கில் காலை 10 மணி என்றால் எமக்கு இரவு 7.30 அல்லது 8.30, கடை பூட்டியாகிவிட்டது. மெல்பேர்னில் கடை திறக்கும்போது நாம் தூக்கத்தில் இருப்போம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் இங்கே கடை மூடியிருக்கும். சவூதியில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஐக்கிய அரபு இராச்சியத்தின் அரச அலுவலகங்கள் 2022 ஜனவரி முதல் வெள்ளி அரைநாள், சனி, ஞாயிறு விடுமுறை என்று மாறிவிட்டன. ஒரே வளைகுடாவிலேயே இரண்டு கணக்கு. "இலங்கை நேரம் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை" என்று இலக்கத்தின் கீழ் ஒரு வரி போடுவது, எடுக்காத இலவச இலக்கத்தை விட மரியாதையானது.

பெயர் யாருடைய பெயரில் இருக்கிறது?

இனி காணி உறுதிக்கு வருவோம். டொமைன் எனப்படும் இணையப் பெயர் உலகத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஒரே ஊரில் இரண்டு "ஹாஜியார் ஸ்டோர்ஸ்" இருக்கலாம், ஆனால் ஒரே டொட் கொம் பெயரில் இருவர் இருக்க முடியாது. முதலில் பதிபவருக்கே அது சொந்தம். எங்கிருந்து அழைத்தாலும், எந்த நாட்டிலிருந்து திறந்தாலும் அதே பெயர் வேலை செய்யும். இலவச இலக்கம் செய்ய முடியாததை இணையப் பெயர் செய்கிறது. அதனால்தான் முதலில் இதையே எடுக்க வேண்டும் என்கிறேன்.

டொட் கொம்மா, டொட் எல்கேயா? எமது நாட்டின் டொட் எல்கே 1990 இல் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிஹான் டயஸின் முயற்சியில் ஆரம்பமானது. 2010 இல் தமிழிலேயே டொட் இலங்கை என்றும் வந்தது. கூகுள் போன்ற தேடுபொறிகள் டொட் எல்கே முகவரியைப் பொதுவாக இலங்கை வாசகர்களுக்கானதாகவே எடுத்துக்கொள்ளும். எனவே வெளிநாட்டில் விற்க டொட் கொம் வசதியானது. ஆனால் எமது பொருளுக்கு ஒரு விசேடம் இருக்கிறது. கறுவா விற்கும்போது "இலங்கை" என்பதே தர முத்திரை. சிலோன் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியம் புவியியல் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது, இலங்கையின் பொருளொன்றுக்கு அங்கே கிடைத்த முதலாவது இதுவே. மலிவான கசியாப் பட்டையைக் கறுவா என்று விற்கும் சந்தையில், முகவரியின் வாலில் இலங்கை தெரிவது நட்டமல்ல. முடிந்தால் இரண்டையும் பதிந்து, ஒன்றை மற்றதுக்குத் திருப்பிவிடுங்கள். தமிழ் முகவரியை விரும்பினால் வைத்துக்கொள்ளலாம், மின்னஞ்சலுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், எல்லா இடங்களிலும் அது இன்னும் ஏற்கப்படுவதில்லை.

பெயரைத் தெரிவுசெய்யும்போது சிலோன், ஸ்பைஸ், பெஸ்ட் என்ற சொற்களை மாறிமாறிக் கோர்க்கும் பழக்கத்தை விடுவது நல்லது. யாரும் பதியலாம், யாருக்கும் நினைவிருக்காது. வெளிநாட்டிலுள்ள இலங்கையரிடம் ஓடர் எடுத்து இங்குள்ள உறவினர் வீட்டுக்குப் பரிசுப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கும் கப்ருகா, துலித் ஹேரத் என்பவரால் 2003 இல் ஆரம்பிக்கப்பட்டது. மூன்றே அசைகள், எந்த இலங்கையருக்கும் பழக்கமான சொல். உங்கள் வாப்பாவின் கடைப் பெயரே இதைவிட நல்ல பெயராக இருக்கலாம். அதையே இலங்கையின் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வியாபாரக் குறியாகவும் பதிந்துகொண்டால், நாளை யாராவது அதே பெயரில் இணைய முகவரி எடுத்துக்கொண்டு விலை பேசும்போது உங்களுக்குப் பிடிமானம் இருக்கும்.

அப்படி நடக்குமா என்றால், நடந்திருக்கிறது. சென்னையைத் தளமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே நிறுவனம் 1999 இல் சிஃபி என்ற பெயரில் இணைய முகவரிகளைப் பதிந்தது. 2001 இல் இன்னொரு நிறுவனம் அதே ஒலியில், ஓர் எழுத்து மட்டும் கூடுதலாக, முகவரி எடுத்தது. வழக்கு பெங்களூர் நீதிமன்றத்தில் தொடங்கி, மேல் நீதிமன்றத்தில் மறுபக்கம் சாய்ந்து, 2004 இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில்தான் சத்யத்துக்குச் சாதகமாக முடிந்தது. இணையப் பெயரும் வியாபாரப் பெயரைப் போலவே பாதுகாக்கப்படும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெரிய கொம்பனி என்பதால் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1999 இல் உருவான சர்வதேசப் பிணக்குத் தீர்வு முறையின்கீழ் ஜெனீவாவிலுள்ள உலகப் புலமைச் சொத்து நிறுவனத்திடமும் முறையிடலாம், ஆனால் ஒரு தனி நடுவருக்கான கட்டணமே 1500 அமெரிக்க டொலர். அதற்கும் வியாபாரக் குறி உரிமை உங்களிடம் இருப்பதைக் காட்ட வேண்டும்.

அந்நியர் பறிப்பதை விட அதிகமாகக் காண்பது வேறொன்று. வெப்சைட் செய்து தருகிறேன் என்று வரும் தம்பி, இணையப் பெயரைத் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் பதிந்துவிடுகிறார். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அல்ல, அவருக்கு அது இலகு, அவ்வளவே. மூன்று வருடம் கழித்து அவர் கத்தாருக்குப் போய்விடுகிறார். புதுப்பிக்கும்படி வரும் அறிவித்தல்கள் அவருடைய பழைய மின்னஞ்சலுக்குப் போகின்றன. கடைக்காரருக்கு வெப்சைட் நின்ற பிறகுதான் விடயம் தெரியும். உறுதியில் பெயர் இல்லாத காணியில் வீடு கட்டிய கதை. பதிவில் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் அல்லது உங்கள் நிறுவனத்தின் பெயர் இருக்க வேண்டும், மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்க வேண்டும், கடவுச்சொல் உங்கள் கையில் இருக்க வேண்டும். வேலை செய்தவருக்குக் கூலி கொடுங்கள், உறுதியைக் கொடுக்க வேண்டாம்.

சொந்தப் பெயரில் மின்னஞ்சல் இருப்பதால் வரும் இன்னொரு பாதுகாப்பும் ஆபத்தும் உண்டு. வாங்குபவர் உங்கள் முகவரியைப் பழகிவிட்டால் வேறு முகவரியிலிருந்து வரும் கடிதத்தைச் சந்தேகிப்பார். மோசடிக்காரர்களும் இதை அறிவார்கள். உங்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி ஒரு முகவரி பதிந்து, "எமது வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இம்முறை பணத்தை இங்கே அனுப்புங்கள்" என்று உங்கள் வாடிக்கையாளருக்கு எழுதுவார்கள். சரக்கு கப்பலில், பணம் வேறெங்கோ. கணக்கு இலக்கம் மாறுவதாகக் கடிதம் வந்தால் முதலில் தொலைபேசியில் எம்மை அழையுங்கள் என்று ஒவ்வொரு இன்வொய்ஸின் அடியிலும் அச்சிட்டு விடுங்கள். அந்த இடத்தில் ஒரு நல்ல தொலைபேசி இலக்கம் எந்த விளம்பரத்தையும் விடப் பெறுமதியானது.

டொட் கொம் பெயர் ஒன்றின் காலம் முடிந்தால் உடனே பறிபோய்விடாது. பதிவு செய்த நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்வரை வழமையான கட்டணத்தில் புதுப்பிக்க இடம் கிடைக்கலாம். அதன் பின்னர் 30 நாள் மீட்புக் காலம், அதற்குக் கட்டணம் பல மடங்கு. பிறகு 5 நாள் எவராலும் தொட முடியாது. ஆறாவது நாள் அது உலகத்தில் யாருக்கும் சொந்தமாகலாம், அதற்காகவே இயந்திரங்களை வைத்துக்கொண்டு காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். உங்கள் பெயர் எந்தத் திகதியில் முடிகிறது, யாருடைய பெயரில் இருக்கிறது என்பதை இணையத்தில் ஐந்து நிமிடத்தில் பார்க்கலாம். பெயர் மறைத்துக் காட்டப்பட்டிருந்தால், பதிந்து கொடுத்தவரிடமே எழுத்தில் கேளுங்கள்.